பஸ்ஸில் போய் இறங்கும் காடு: யட்டியாந்தோட்டையிலிருந்து மாகந்தாவ

யட்டியாந்தோட்டை டவுனில் ஹட்டன் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். வலப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஏ7 வீதியை ஒட்டிக் களனி கங்கை அந்தப் பக்கமாகத்தான் வரும். இறப்பர் மலைகள் விலகி, ஆறு குறுகி, கற்கள் பெரிதாகும் இடத்தில் கித்துல்கல தொடங்கும். ஆற்றுக்கு அக்கரையில் சுவர்போல் நிற்கும் இருண்ட பச்சைதான் மாகந்தாவ வன ஒதுக்கம். டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பிடிக்கலாம். வீதி வேலையோ லொறி வரிசையோ இருந்தால் ஒரு மணி நேரம்.

நம் பகுதி ஆட்கள் இந்தக் காட்டை எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள், பஸ்ஸுக்குள் இருந்தபடி. ஹட்டனில் கலியாண வீடு, மஸ்கெலியாவில் சாவு வீடு, சிவனொளிபாதமலை யாத்திரை என்று அந்த வீதியில் போகாதவர் குறைவு. கித்துல்கலயில் இறங்கி நடந்தவரைத்தான் தேட வேண்டும். வீதியோரத்தில் ரப்பர் படகுச் சவாரிக்கான ஆங்கிலப் பலகைகள் வரிசையாக நிற்பதால், இது வெளிநாட்டுக்காரருக்கும் கொழும்புக்காரருக்குமான இடம் என்று ஒரு நினைப்பு ஊறிவிட்டது. படகுக்குத்தான் பெரிய காசு. காட்டுக்கு பஸ் டிக்கட், சோத்துப் பார்சல், காட்டுக்கான அனுமதிச் சீட்டு, வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலி, இவ்வளவுதான் செலவு.

இன்னொரு தடையும் உண்டு. தோட்டத்தில் பிறந்தவருக்கு நடை என்றால் வேலை. பிரட்டுக்களத்துக்கு நடை, பால்வெட்ட மலைக்கு நடை, பாடசாலைக்கும் டிஸ்பென்சரிக்கும் நடை. சும்மா நடப்பதற்கென்று காசு கொடுத்து பஸ் ஏறுகிறேன் என்று வீட்டில் சொன்னால், "ஏன், இங்க நடக்க எடமா இல்ல?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் இறப்பர் மலையில் ஒரே மரம், ஒரே இடைவெளி, ஒரே நிழல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேயிலைக்கும், பிறகு இறப்பருக்குமாகக் களனிப் பள்ளத்தாக்கின் காடு வெட்டப்படுவதற்கு முன்னால், நாம் வேலை செய்யும் மலைகளும் மாகந்தாவ போலத்தான் இருந்தன. நம் தாத்தாமாருக்கு முந்திய தலைமுறை வெட்டிச் சாய்த்தது எதை என்று பார்க்க வேண்டுமானால், பக்கத்தில் மிச்சமிருப்பது இந்தத் துண்டுதான்.

எப்போது போவது

ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. இதற்கு மாற்று யோசனை தேவையில்லை. நாட்டில் அதிக மழை விழும் பகுதிகளில் கித்துல்கலயும் ஒன்று; அந்த இரண்டரை மாதத்திலும் மழை பெய்யும், ஆனால் பெய்துவிட்டு ஓயும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும், மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளிச்சமாக இருந்து பிற்பகலில் இடிமின்னலோடு கொட்டும். அந்த மாதங்களில் போவதென்றால் மதியத்துக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அப்போது போக வேண்டாம்.

இதை வெறும் நனைதல் விஷயமாக எடுக்காதீர்கள். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததையும், அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதையும் கேகாலை மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. யட்டியாந்தோட்டைக்கோ கினிகத்தேனைப் பக்கத்துக்கோ எச்சரிக்கை இருந்தால், வானம் நீலமாக இருந்தாலும் அந்தக் கிழமை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மழை நின்று வெயில் வந்த பிறகும் ஊறிய மண் இறங்கும்.

கிழமையைப் பொறுத்தவரை சாதாரண வேலை நாள் நல்லது. போயா, நீண்ட விடுமுறை நாட்களில் கித்துல்கல ஆற்றங்கரை முழுக்க ஸ்பீக்கர் பெட்டிதான். டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன் என்பதால், சனி ஞாயிறில் ஹட்டன் பஸ்களில் காலூன்ற இடம் இருக்காது. சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் பஸ்ஸே குறைந்துவிடும்.

பஸ் பற்றிக் கொஞ்சம்

யட்டியாந்தோட்டையில் நிற்கும்போது இரண்டு வகை பஸ் வரும். கொழும்பிலிருந்து ஹட்டன், நுவரெலியா போகும் தூரப் பயண பஸ்கள் வேகமானவை. ஆனால் அவிசாவளையிலேயே நிரம்பி வரும், குறுந்தூரப் பயணிகளை ஏற்ற மனமில்லாமல் சில நிற்காமலே போகும், ஏற்றினால் முழுத் தூரத்துக்குக் காசு கேட்பதும் உண்டு. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை பக்கம் ஓடும் குறுந்தூர பஸ்கள் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நிற்கும், பாடசாலைப் பிள்ளைகள் ஏறுவார்கள், மரக்கறி மூட்டை ஏறும். நேரம் கொஞ்சம் கூடினாலும் இதில் போவதே என் விருப்பம். இறங்குமிடத்தை நடத்துநரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: "கித்துல்கல ரெஸ்ட் ஹவுஸ் ளங்க பஹினவா." சிங்களம் வராதவர்கள் "ரெஸ்ட் ஹவுஸ்" என்று மட்டும் சொன்னாலும் போதும்.

கொழும்பிலிருந்து இந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்கள் கோட்டையிலிருந்து களனிவெளி ரயிலில் அவிசாவளை வரை வந்து, அங்கே பஸ் மாறலாம். ரயில் மெதுவானது, நுகேகொட, ஹோமாகம வீடுகளின் கொல்லைப்புறத்தைத் தொட்டுக்கொண்டே ஊரும். ஒரு காலத்தில் இறங்கி மாற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1903 இல் இந்தக் குறுகிய பாதை ரயில் அவிசாவளையைத் தாண்டி யட்டியாந்தோட்டை வரை வந்தது. தேயிலையையும் இறப்பரையும் ஏற்றிச் செல்லவே வந்தது. 1942 இல், போர்க்காலத்தில், அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பாதையை மூடினார்கள். மிச்சமிருந்த அவிசாவளைப் பாதை 1996 இல் அகலப் பாதையானது; நமக்கு வந்த கிளை திரும்பவில்லை. மனிதர்களை ஏற்றத்தான் அது வேண்டுமென்று அப்போதும் யாரும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கித்துல்கல வீதியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும் என்று வையுங்கள். இருட்டிய பிறகும் கொழும்புப் பக்கம் பஸ் ஓடும். ஆனால் யட்டியாந்தோட்டையில் இறங்கித் தோட்டத்துக்கு மேலே போக வேண்டியவருக்கு அதற்குப் பிறகு வான் கிடைக்காது, த்ரீவீலர் கேட்கும் காசும் வேறு. ஐந்துக்கு வீதி என்றால் மூன்றரைக்குக் காட்டின் விளிம்பு. அப்படியானால் காலை ஏழரைக்காவது யட்டியாந்தோட்டையில் ஏறியிருக்க வேண்டும்.

ஆற்றைக் கடந்து

காடு அக்கரையில். முன்பு ரெஸ்ட் ஹவுஸ் அடியில் ஓடத்தில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவார்கள். இப்போது நடந்து போக தொங்கு பாலம் இருக்கிறது. பாலத்தில் ஒரே நேரத்தில் கூட்டமாக ஏறாதீர்கள், நடுவில் நின்று படம் எடுப்பதானால் எதிரே சைக்கிளோடு வரும் ஊர்க்காரருக்கு வழி விடுங்கள். அவருக்கு அது அன்றாடப் பாதை.

காட்டுக்குள் தனியாகப் போக வேண்டாம். இது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் உள்ள ஒதுக்கம், அனுமதி வேண்டும். கட்டணமும் திறக்கும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் புத்தகத்தில் எழுதி வைப்பதில் பயனில்லை. திணைக்களத்தின் கேகாலை மாவட்ட அலுவலகத்தில் முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். ஊரிலேயே பிறந்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள். பாலத்தடிக் கடைகளில் விசாரித்தால் கூப்பிட்டுத் தருவார்கள். நடக்கத் தொடங்குமுன் எத்தனை மணி நேரம், எவ்வளவு காசு என்று இரண்டையும் பேசி முடித்துவிடுங்கள். பறவை பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தால் அவர் நடக்கும் வேகமே மாறும். சொல்லாவிட்டால் நேரே ஏதாவது ஒரு நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிக்கச் சொல்லுவார், ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதைத்தான் கேட்கிறார்கள்.

பாலத்துக்கும் காட்டுக்கும் நடுவே வீட்டுத் தோட்டங்கள். கித்துள், பலா, கமுகு, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. அவசரப்படாமல் நடக்க வேண்டிய பகுதி இதுதான், பலர் இதை வெறும் வழி என்று நினைத்து ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். திறந்த வெளிச்சமும் பழ மரமும் இருப்பதால் பறவைகள் காட்டுக்குள் இருப்பதைவிட இங்கே எளிதாகக் கண்ணில் படும்: இருவாச்சி, குக்குறுவான், தலைகீழாகத் தொங்கிப் பழம் தின்னும் சின்னக் கிளி. காலை எட்டரைக்குள் இங்கே இருந்தால் அரை மணி நேரம் செலவழிக்கலாம்.

காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றும் அசையாது. ஹொர மரங்கள் நேராக மேலே போய் எங்கோ கிளை விரிக்கும். கீழே பிரம்பு, பன்னம், ஈரக் கல். பத்து நிமிடம், இருபது நிமிடம் எதுவும் இல்லை. பிறகு திடீரென்று சுற்றிலும் சத்தம். இலங்கையின் ஈரவலயக் காடுகளில் பறவைகள் தனித்தனியாகத் திரிவதைவிடப் பல இனம் சேர்ந்து கூட்டமாகவே இரை தேடுகின்றன. தவிட்டுக்குருவிகள் சளசளத்துக்கொண்டு முன்னால் போகும், கொண்டைக் கரிச்சான் காவல்காரனைப் போல மேலே நின்று கத்தும், அவற்றின் பின்னால் மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் என்று ஒரு ஊர்வலமே நகரும். கூட்டம் வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். துரத்தினால் கலையும், நின்றால் உங்கள் தலைக்கு மேலேயே கடந்து போகும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து காடு மறுபடி மௌனமாகிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மீதி மூன்று மணி நேரம் நடக்கிறோம்.

ஓடைகளைத் தாண்டும்போது குனிந்து பாருங்கள். நிழலான, சருகு படிந்த, மெதுவாக ஓடும் தண்ணீரில் சிவந்த உடம்போடு விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் தெரிந்தால், அது சிங்களத்தில் லே திட்டயா எனப்படும் மீன். உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். அதன் சொந்த இடம் இலங்கையின் தென்மேற்கு ஓடைகள் மட்டுமே. பிடிப்பதற்கும் போத்தலில் போட்டுக் கொண்டுபோவதற்கும் சட்டம் இடம் தராது. செடி, மரப்பட்டைக்கும் அதேதான். வெனிவெல் கொடி வெட்டுவதும், அகில் மணத்துக்காக வல்லப்பட்டை மரத்தைச் சிதைப்பதும் இப்பகுதிக் காடுகளை அரித்துவரும் களவுகள். "மருந்துக்குக் கொஞ்சம்" என்று யாராவது பிடுங்கித் தந்தால் வாங்காதீர்கள்.

1995 இல் கேட்ட குரல்

மாகந்தாவயைப் பற்றி ஒரு கதை தெரிந்துகொண்டு போக வேண்டுமானால் அது ஆந்தைக் கதைதான். 1995 இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட கித்துல்கலக் காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். சின்ன, ஒற்றைக் கூவல். நாட்டில் அறியப்பட்ட எந்தப் பறவையின் குரலோடும் அது ஒத்துவரவில்லை. குரலை வைத்துக்கொண்டு ஆளைத் தேட ஆண்டுகள் பிடித்தன. கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜாவில். 2004 இல் அதைப் புதிய இனம் என்று விவரித்து எழுதினார்கள். 1868 க்குப் பிறகு இலங்கையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பறவை அது. சிங்களத்தில் பண்டுவன் பஸ்ஸா என்கிறார்கள். அறிவியல் பெயரில் தீலோ ஹொஃப்மன் இருக்கிறார்: 1970களில் சிங்கராஜாக் காட்டை மரம் வெட்டும் இயந்திரங்களிடமிருந்து காக்கப் போராடிய சுவிஸ்காரர்.

இவ்வளவு பெரிய நாட்டு நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், பஸ் ஹோர்ன் கேட்கும் தூரத்தில், இருபதாம் நூற்றாண்டு முடியும் வரை ஓர் ஆந்தை பெயரில்லாமல் இருந்திருக்கிறது. அதைப் பார்க்க இரவில் போக வேண்டும் என்று ஆசை வரும். பஸ்ஸில் வந்து போகிறவருக்கு அது சரிப்படாது. கித்துல்கலயில் தங்கினால்தான் முடியும். குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைப்பார்கள் சில வழிகாட்டிகள். வேண்டாமென்று சொல்லுங்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது வருகிறது.

அட்டை, பாம்பு, ஆறு

அட்டையைப் பற்றித் தோட்டத்து ஆட்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்களுக்காக மட்டும்: நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக் கட்டுங்கள், காலுறைக்கு வெளியே சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். சித்தாலேப பூசுகிறவர்களும் உண்டு. கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், பிய்த்து இழுக்காதீர்கள். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து வழித்தால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட ஒன்றுமில்லை. அட்டையை விரட்ட உப்புக் கட்டிய துணி வைத்திருந்தால் அதை ஓடையில் அலசாதீர்கள், தவளைக்கு ஆகாது.

பாம்பு வேறு விஷயம். சருகு நிறத்தில், சருகுக்குள்ளேயே சுருண்டிருக்கும் குட்டையான குழிவிரியன் ஒன்று இந்தப் பகுதியெங்கும் உண்டு. குனகட்டுவா என்று சிங்களத்தில் சொல்வார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகக் கொடுக்கும், இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து இந்தப் பாம்பின் விஷத்துக்கு வேலை செய்யாது. எனவே கடிபடாமல் இருப்பதுதான் முதல் மருந்து: பாதையில் மட்டும் கால் வையுங்கள், உட்காருமுன் தடியால் தட்டிப் பாருங்கள், கையூன்றும் கல்லைப் பார்த்து ஊன்றுங்கள். செருப்போடு வராதீர்கள். பால்வெட்டப் போகும்போது செருப்புதானே என்று வாதாட வேண்டாம். அங்கே தினமும் நடந்த பாதை, இங்கே அப்படியில்லை. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசைக்காமல் தூக்கி வீதிக்குக் கொண்டுவந்து 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கரவனெல்ல ஆதார வைத்தியசாலை இதே வீதியில் இருக்கிறது. காட்டுக்குள் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று பேருக்குக் குறையாமல் போங்கள்.

ஆனால் கித்துல்கலயில் உயிர் குடிப்பது பெரும்பாலும் பாம்பு இல்லை, கங்கை. வெயில் நாளில் முழங்கால் ஆழத்தில் தெளிவாக ஓடும், மணல் தெரியும், இறங்கச் சொல்லும். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி ஆகிற இடம் மேலே, பொல்பிட்டியவுக்குப் பக்கத்தில். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் மின்நிலையங்கள் வழியாக இறங்கி இதே ஆற்றில் விழுகிறது. இப்போது கித்துல்கலக்கு அருகிலேயே 35 மெகாவோட் புரோட்லேண்ட்ஸ் திட்டமும் இருக்கிறது. நிலையம் ஓடத் தொடங்கினால் மேகமே இல்லாத நாளிலும் ஆற்று மட்டம் ஏறும். நீங்கள் உட்கார்ந்திருந்த பாறைக்கும் கரைக்கும் நடுவே பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்துவிடும். படகு விடுகிறவர்களுக்கு இந்த நேரங்கள் மனப்பாடம். அவர்களிடம் கேட்காமல் நடு ஆற்றுப் பாறைக்குப் போகாதீர்கள். குளிக்க வேண்டுமென்றால் காட்டோடை போதும்.

பாலம் இருந்த இடம்

நேரமிருந்தால் திரும்பும் வழியில் பார்க்கக்கூடிய இடம் ஒன்று: டேவிட் லீன் எடுத்த "குவாய் நதிப் பாலம்" படத்துக்காக இங்கே ஒரு மரப் பாலம் கட்டி, 1957 இல் அதை ரயிலோடு வெடிக்க வைத்தார்கள். படம் ஏழு ஒஸ்கார் வாங்கியது. வீதியோரப் பலகையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விடும். பார்க்கக் கிடைப்பது அடித்தளக் கொங்கிறீட்டும் தண்ணீரும்தான். வழிகாட்டிகள் படத்துக் கதையை உற்சாகமாகச் சொல்வார்கள்.

அவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். அந்தப் படம் பேசும் ரயில்பாதை சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 1942-43 இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் பாதை. படத்தில் வேலை செய்து சாகிறவர்கள் பிரித்தானியக் கைதிகள். உண்மையில் அங்கே செத்தவர்களில் பெரும்பகுதி ஆசியத் தொழிலாளர். தொண்ணூறாயிரம் அளவில் என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. அவர்களில் ஏராளமானோர் மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர், நம்மைப் போலவே லயத்தில் வாழ்ந்து பால்வெட்டியவர்கள். இறப்பர் தோட்டங்கள் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில், சுற்றிலும் தமிழ்த் தொழிலாளர் லயங்கள் இருக்க, அந்தப் பாதையின் கதையை எடுத்துவிட்டுப் போன படத்தில் அந்தத் தமிழருக்கு இடமில்லை. ஆற்றங்கரையில் நிற்கும்போது ஹொலிவுட்டை நினைப்பதா சயாமை நினைப்பதா என்பது உங்கள் விருப்பம். எனக்கு அங்கே நீண்ட நேரம் நிற்கப் பிடிப்பதில்லை.

இன்னொரு நாளுக்கு: பெலிலென

மாகந்தாவயையும் பெலிலெனக் குகையையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று சொல்வார்கள். பஸ்ஸில் வருகிறவருக்கு முடியாது, இரண்டும் அரைகுறையாகும். பெலிலெனவுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். அது ஆற்றுக்கு அக்கரையில் இல்லை. கித்துல்கலயிலிருந்து மலைப்பக்கம் இங்ஓயா தோட்டத்துக்குள் ஏறும் பாதையில், நகரிலிருந்து எட்டு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. த்ரீவீலர் பாதித் தூரத்துக்கு மேல் போகும். போகும்போது வண்டியில் ஏறி, வரும்போது இறக்கமாக நடந்து வருவது என் யோசனை. தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வரும் தோட்டப் பாதை. வழியைத் தமிழிலேயே கேட்கலாம். "அண்ணே, குகைக்கு எப்படிப் போறது?" என்றால் பிள்ளைகள் கூடவே வந்து காட்டும்.

குகை என்பதைவிடப் பெரிய பாறைத் தாழ்வாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து நீர் விழும். தொல்லியல் திணைக்களம் 1970களின் கடைசியிலிருந்து இங்கே தோண்டியது. முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்தே மனிதர் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். கூரிய சின்னக் கல் ஆயுதங்களும் எலும்புகளும், கருகிய காட்டு ஈரப்பலா விதையும் கெக்குன கொட்டை ஓடுகளும் கிடைத்தன. இவற்றையெல்லாம்விட என்னை யோசிக்க வைப்பது உப்பு. இருபத்தேழாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கடற்கரையிலிருந்து உப்பு இந்தக் குகைக்கு வந்திருப்பதற்கான தடயம் இருப்பதாகத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல எழுதியிருக்கிறார். இந்த மலைக்காட்டிலிருந்து கடலுக்கு யாரோ போய்வந்திருக்கிறார்கள், அல்லது கைமாறிக் கைமாறி உப்பு ஏறி வந்திருக்கிறது. எந்த வழியாக வந்திருக்கும் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது கங்கைக்கரைதான். குகைக்குள் சுவரைத் தொடாதீர்கள், மண்ணைக் கிளறாதீர்கள், பெயர் எழுதாதீர்கள். ஏற்கெனவே எழுதியிருப்பவர்களைப் பார்த்தால் தெரியும் எவ்வளவு அசிங்கமென்று.

பையில் என்ன

ஒன்றரை லீற்றர் தண்ணீர், மழைக்கோட்டு (குடை காட்டுக்குள் உதவாது), மாற்றுக் காலுறை, சவர்க்காரத் துண்டு, போனுக்குத் தண்ணீர் புகாத பை, சில்லறைக் காசு. சோத்துப் பார்சலை வாழையிலையில் கட்டி வாருங்கள். லஞ்ச் ஷீட் 2017 இலேயே தடைசெய்யப்பட்டது என்றாலும் கித்துல்கல ஆற்றங்கரையைப் பார்த்தால் யாரும் அதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. சம்பலும் ரொட்டியும் கெடாது, கறியைவிட நல்லது. சாப்பிட நல்ல இடம் காட்டுக்குள் இல்லை, அட்டை விடாது. பாலத்தருகே வந்து சாப்பிடுங்கள். கித்துள் கருப்பட்டியும் பிளேன்டியும் வீதியோரக் கடையில் கிடைக்கும். கருப்பட்டி வாங்குமுன் ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். சீனி கலந்தது பல்லில் நறநறக்கும்.

திரும்பும்போது வீதிக்கு மலைப்பக்கத்தில் நிற்காமல் ஆற்றுப்பக்கத்தில் நில்லுங்கள். அவிசாவளைப் பக்கம் போகும் பஸ் எந்தப் பக்கம் வரும் என்பதில் ஊருக்குப் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம் என்பதால், கையைக் காட்டுமுன் முன்கண்ணாடிப் பலகையைப் படியுங்கள். வளைவில் நின்று கை காட்டினால் சாரதி நிறுத்தமாட்டார், நிறுத்தவும் முடியாது. தரிப்பிடத்துக்கே நடந்து போங்கள். பஸ் வருவதற்குள் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உதறி, காற்சட்டை மடிப்பையும் பையின் அடியையும் நன்றாகப் பார்த்துவிடுங்கள். ஆசனத்தில் அட்டை ஏறி, பக்கத்தில் வெள்ளைச் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பாடசாலைப் பிள்ளையைக் கடித்தால், நடத்துநர் சொல்லப்போவதை யட்டியாந்தோட்டை வரை கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.